வலது பக்கத்துப் பட்டன்

ஒரே கோடு, ரெண்டு போன். இந்த நாலு வார்த்தையை விற்றுத்தான் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ் சோறு தின்கிறது. உலகத்துப் போன்கள் எல்லாம் இரண்டு கட்சி. விலை கூடிய கட்சி, விலை குறைந்த கட்சி. ஒரு கட்சிக்கு எழுதிய ஆப்பை இன்னொரு கட்சி வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டுக்கும் தனித்தனி ஆள் வைத்து எழுதினால் கட்டுப்படியாகாது. அதற்காகத்தான் டூல்கிட் என்று ஒன்று வந்தது. அதில் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும், இரண்டு கட்சிக்கும் அதுவே ஆப் செய்து தந்துவிடும். கஸ்டமர் வந்து உட்கார்ந்ததும் நான் ஒரு வசனம் எடுத்துவிடுவேன்.

"எழுதறது ஒண்ணுதான் சார். ஆனா எந்தப் போனுக்குள்ள போகுதோ, அந்தப் போனோட பழக்கத்துக்குத் தானா மாறிக்கும். புகுந்த வீட்டுப் பழக்கம் மாதிரி."

கஸ்டமர் சிரிப்பார். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இனிமேல் அந்த வசனத்தை என் வாயால் சொல்லமாட்டேன்.

அப்பாவுக்காக நான் செய்த ஆப்பும் அதே டூல்கிட்டில்தான் செய்தேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளராக இருந்தவர். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் தூங்குகிறவன்கூட மூட்டையைத் தேடுவான். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு கேட்டால்கூட ஏதோ பஸ் கிளம்பப் போகிற மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நரம்பு நோய் வந்து, முதலில் கால் போயிற்று, பிறகு கை, பிறகு நாக்கு. நாக்கு குழற ஆரம்பித்த உடனேயே நான் மைக்கை வைத்து அவர் குரலில் வேண்டிய சொற்களை எல்லாம் பதிந்துவிட்டேன். தண்ணி, ஃபேன், திரும்பிப் படுக்கணும், முதுகு அரிக்குது. ஒரு பட்டனுக்கு ஒரு சொல். கடைசியில் அவருக்கு மிச்சம் இருந்தது வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். அதை வைத்து ஒரு பழைய டேப்லட்டில் பட்டனை அழுத்துவார். அவர் குரலே பேசும்.

கேள்வி கேட்பதற்கு என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தேன். நாங்கள் ஏதாவது கேட்டுவிட்டு அதைத் திறந்தால் இரண்டு பட்டன் வரும். இடது பக்கம் 'வேணும்', வலது பக்கம் 'வேண்டாம்'. அந்த நோயில் விரல் தானாகவே துடிக்கும். துடிப்பைப் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காக, பெட்டி இரண்டு தடவை வரும். இரண்டு தடவையும் ஒரே பட்டனை அழுத்தினால்தான் பதில். அப்பா ஸ்க்ரீனைப் பார்ப்பதே இல்லை. வெள்ளெழுத்து. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு. விரலுக்கே எல்லாம் மனப்பாடம்.

'வேண்டாம்' என்ற சொல்லைப் பதிந்த அன்று வீட்டில் ஒரே சிரிப்பு. முதலில் அவர் அதைப் பஸ் ஸ்டாண்டுக் குரலில் சொன்னார். "ஏங்க, இப்படிச் சொன்னா சாப்பாடு கொண்டு வந்தவ தட்டோட ஓடிப்போயிருவா" என்றாள் அம்மா. யார் அந்தச் சாப்பாடு கொண்டு வருகிறவள்? அவள்தான். அப்பா யோசித்துவிட்டு, மைக்கைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னார். "வேண்டாம்மா." அதையே வைத்துக்கொண்டோம்.

அன்று காலையில் அப்பாவுக்கு மூச்சு ஏறிக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. வேலையெல்லாம் வேகமாகத்தான் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது போர்வைக்குள் இருந்த டேப்லட் நழுவித் தரையில் விழுந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தச் சக்கரத்தைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. அப்பாவின் குரல் கண்ணாடித் தூளாகக் கிடக்க, நான் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தீவிர சிகிச்சை வார்டில் அப்பாவின் மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க்கைப் பட்டி போட்டுக் கட்டினார்கள். பட்டியில் கண்ணாடி நிற்கவில்லை, கழற்றிவிட்டார்கள். மாஸ்க்கின் ஓரத்தில் கசிந்த காற்று கண்ணில் அடித்து, கண் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது.

மூச்சு டாக்டர் ஒரு பெண்மணி. அதட்டவும் இல்லை, குழையவும் இல்லை. எங்களை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"மாஸ்க் இனிமே போதாது. தொண்டையில துளை போட்டு குழாய் வெச்சு மிஷினோட சேர்க்கலாம். சேர்த்தா ரொம்ப நாள் இருக்கலாம். ஆனா மிஷின விட்டு வர முடியாது. நோய் நிக்காது. இப்ப இருக்கிற விரல் அசைவும் போகும். அப்புறம் கண்ணும் போகலாம்."

"வேண்டாம்னா?" என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

"வேண்டாம்னா மூச்சுத் திணறல் தெரியாம மருந்து கொடுத்துப் பார்த்துக்குவோம். கொஞ்ச நாள்தான்."

"போடுங்கம்மா. நான் சொல்றேன், போடுங்க" என்றாள் அம்மா. "அவர் சார்பா நான் கையெழுத்துப் போடறேன்."

"அவருக்கு நினைவு தெளிவா இருக்கும்மா. அவர்தான் சொல்லணும். ரத்தத்துல கெட்ட காத்து ஏறிட்டே இருக்கு. சாயங்காலத்துக்குள்ள மயக்கம் வந்துரும். அதுக்கு முன்னாடி கேட்டுடணும்."

கேட்பது எப்படி? கண்ணைச் சிமிட்டச் சொல்லலாம் என்றால், அந்தக் கண் காற்றுக்குச் சும்மாவே சிமிட்டிக்கொண்டிருந்தது. கையை அழுத்தச் சொல்லி நர்ஸ் முயன்று பார்த்தார். அழுத்தமா துடிப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அட்டையில் எழுதிக் காட்டலாம் என்றால் கண்ணாடி இல்லை. வீட்டில் இருக்கும்போதே இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். நானும் நல்லதாயிற்று என்று விட்டுவிடுவேன்.

"அவர் ஒரு ஆப்ல பேசுவார் டாக்டர். நான்தான் செஞ்சேன். டேப்லட் உடைஞ்சு போச்சு. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க."

"சீக்கிரம்" என்றார் டாக்டர்.

கையில் இருந்தது ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பும் ஆபீஸ் கொடுத்த போனும். இரண்டும் விலை கூடிய கட்சி. டேப்லட் விலை குறைந்த கட்சி. அம்மாவிடம் இருந்தது எண்கள் மட்டும் உள்ள பழைய போன். அக்கா வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வேறு யாரிடமாவது போன் கேட்டு வாங்கலாம் என்று அந்த அவசரத்தில் தோன்றவே இல்லை. அப்பா ஆப்பை நான் என்றைக்கும் விலை கூடிய கட்சிக்குச் செய்து பார்த்ததில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? ஓடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவனே நான்தானே.

வார்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். முதல் தடவை ஓடவில்லை. சிவப்புச் சிவப்பாக எரர் கொட்டியது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. அந்தக் கட்சிக்கு உள்ளே விடுவதற்கே ஆயிரம் கேள்வி. நீ யார், இந்தப் போன் யாருடையது, உன்னை நம்பலாமா. அம்மா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சாடா?"

"இதோம்மா."

"உன் வேலையே இதுதானேடா?"

என் வேலையே இதுதான். பிள்ளை படித்தான், கம்ப்யூட்டரில் எழுதுகிறான் என்று எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் அவள் சொன்ன பெருமை அத்தனையும் அந்த நாற்காலியில் என்னோடு உட்கார்ந்திருந்தது. எழுத்துக்கு எழுத்து தப்பு அடித்தேன்.

கடைசியில் ஒரே ஒரு எரர் மட்டும் நின்றது. பதிந்த குரலை ஒலிக்க வைப்பதற்கு யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்த ஒரு துண்டை நான் சேர்த்திருந்தேன். அதை எழுதிய புண்ணியவான் விலை குறைந்த கட்சிக்கு மட்டும் எழுதிவிட்டு, விலை கூடிய கட்சிக்கு 'விரைவில்' என்று போட்டுவிட்டுப் போயிருந்தான். அவனைத் திட்டக்கூட நேரம் இல்லை. அந்தத் துண்டைப் பிடுங்கினேன். அப்பாவின் குரலைக் கூப்பிடும் வரிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் அடைத்தேன். பேசாவிட்டால் பரவாயில்லை, எங்களுக்கு எழுத்து தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். ஆப் போனில் ஏறியது. பட்டன்கள் வந்தன. நாற்காலியிலிருந்து எழுந்தபோது எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

உள்ளே டாக்டரும் நர்ஸும் இருந்தார்கள். நான் போனை அப்பாவின் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அப்பாவின் காதுக்கருகே குனிந்து, குழாய் என்றால் என்ன, மிஷின் என்றால் என்ன என்று எங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்.

"குழாய் போடணுமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்."

பெட்டியைத் திறந்தேன். கட்டைவிரல் கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு துடிப்பு வேறு, அசைவு வேறு என்று எனக்கே தெரிகிற மாதிரி, மெதுவாக என் கைப் பக்கமாக நகர்ந்து வந்து அழுத்தியது. பெட்டி மறுபடி வந்தது. மறுபடி அங்கேயே அழுத்தியது. ஸ்க்ரீன் பச்சையானது. பெரிய எழுத்தில் 'வேணும்'.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் ஸ்க்ரீனைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, "தெளிவா சொல்லிட்டார்" என்றார். "தியேட்டர் காலியாக சாயங்காலம் ஆகும். ரெடி பண்ணச் சொல்றேன்."

நான் போனை எடுத்துக்கொண்டேன். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "பாருடா, அவரும் அழறார்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஒரே கோடு, ரெண்டு போன். வாழ்க்கையில் ஒரு நாளாவது இந்த வேலை ஒரு உயிருக்கு உதவியதே என்று நினைத்தேன். அதைச் சொல்ல இப்போது வாய் கூசுகிறது.

பிற்பகலில் அக்கா வந்து சேர்ந்தாள். தோளில் பையோடு அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா போன்ல சொன்னா. அப்பா வேணும்னு சொல்லிட்டாராமே! எனக்குத் தெரியும்டா. அவர் எங்க போயிருவாரு!"

அக்காவின் போன் விலை குறைந்த கட்சி. டேப்லட்டில் இருந்த அதே ஆப் அதில் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும், அப்பாவின் குரலோடு. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் நாலு வார்த்தை பேசட்டும் என்று அவள் போனை வாங்கி, லேப்டாப்போடு சேர்த்து ஏற்றினேன். காலையில் நான் பட்ட பாட்டுக்கு அது ஓடிய சுலபத்தைப் பார்த்து எரிச்சலாக இருந்தது. குரல் வருகிறதா என்று பார்க்க 'தண்ணி'யைத் தட்டினேன். பஸ் ஸ்டாண்டு அதிர்கிற மாதிரி "தண்ணி" என்றார் அப்பா. அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

கேள்விப் பெட்டியைத் திறந்தேன். இடது பக்கம் 'வேணும்'. வலது பக்கம் 'வேண்டாம்'.

எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் காலையில் நான் என் போனின் வலது ஓரத்தைப் பிடித்திருந்தேன். கட்டைவிரல் என் கைப் பக்கமாக வந்தது.

என் போனை எடுத்து அதிலும் பெட்டியைத் திறந்தேன். இரண்டு போனையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் போனில் இடது பக்கம் 'வேண்டாம்'. வலது பக்கம் 'வேணும்'.

டூல்கிட் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் தொழிலில் இரண்டு பட்டன் வைத்தால், மறுக்கிற பட்டனுக்கு 'கேன்சல்' என்று ஒரு முத்திரை குத்துவோம். யோசித்துச் செய்வது இல்லை, கை தானாகச் செய்யும். 'வேண்டாம்' என்பதற்கு நானும் குத்தியிருந்தேன். விலை குறைந்த கட்சி அந்த முத்திரையைக் கண்டுகொள்ளாது, எழுதின வரிசையிலேயே வைத்துவிடும். விலை கூடிய கட்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. கேன்சல் என்று முத்திரை இருந்தால், நீ எந்த வரிசையில் எழுதியிருந்தாலும் அதைத் தூக்கி இடது பக்கம் வைத்துவிடும். அந்தந்தப் போனின் பழக்கத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும் என்று நான்தானே சொல்லி விற்றேன். போன் தன் பழக்கத்துக்கு மாறிக்கொண்டது. அப்பாவின் விரல் தன் பழக்கத்திலேயே இருந்தது. குரல் இருந்திருந்தால் அழுத்தின உடனே அவர் காதில் விழுந்து தெரிந்திருக்கும். அதை நான்தான் அடைத்தேன்.

அப்பா 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தார். இரண்டு தடவை.

எனக்கு முதலில் வந்தது பயம். அடுத்து வந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இது யாருக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, அக்காவுக்கு இரண்டு போனையும் கையில் கொடுத்தாலும் புரியாது. ஒரு வரியைத் திருத்தி இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால், காலையில் எப்படி இருந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சி கிடையாது. சாயங்காலம் குழாய் வைத்துவிடுவார்கள். அப்பா இருப்பார். கொஞ்ச நாளில் அந்த விரலும் நின்றுவிடும், அதற்கப்புறம் அவராலும் சொல்ல முடியாது. இதை நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. லேப்டாப்பில் அந்த வரியைத் திறந்தும் வைத்துவிட்டேன். அப்பா வேண்டும் எனக்கு. எந்த நிலைமையில் என்றாலும் வேண்டும். இதைத் தவிர அந்த நேரத்தில் என்னிடம் வேறு நியாயம் எதுவும் இல்லை.

அம்மா வார்டிலிருந்து வந்தாள். "என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? வந்து அவரைப் பாரு. விரல் சும்மாவே இருக்கமாட்டேங்குது. போர்வையைத் தட்டிட்டே இருக்கார். நர்ஸ் அது நரம்புத் துடிப்புங்கிறா."

உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் வெறும் போர்வையில் வலது பக்கமாக நகர்ந்தது. அழுத்தியது. நின்றது. மறுபடி வலது பக்கம். அழுத்தியது. பிறகு ஓய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பத்திலிருந்து அதே மாதிரி. வலது பக்கம் ஒன்று, வலது பக்கம் இன்னொன்று. இரண்டு தடவை அழுத்தினால்தான் பதில் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நான் போனை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, இல்லாத பட்டனில் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் பக்கத்தில் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டாக்டரைத் தேடி ஓடினேன். நடைவழியின் கடைசியில், தலைக்குப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டர், நிறுத்துங்க. காலையில வந்த பதில் தப்பு."

"என்ன தப்பு?"

"பட்டன் இடம் மாறிடுச்சு. டேப்லட்ல ஒரு மாதிரி, இந்தப் போன்ல வேற மாதிரி. அவர் பார்க்காம அழுத்துவார். அவர் சொன்னது வேண்டாம்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இந்த மாதிரி நேரத்துல வீட்டுக்காரங்க மனசு மாறும். உங்களுக்கு இப்ப பயமா இருக்கா, இல்ல நிஜமாவே தப்பா?"

இரண்டு போனையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். பெட்டியைத் திறந்து காட்டினேன். இடது, வலது. வலது, இடது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டுத் தலைத் துணியை அவிழ்த்தார். திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் அக்கா. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. வேண்டிய அளவுக்குக் கேட்டுவிட்டாள்.

"அப்ப அவர் வேணும்னு சொல்லலியா?"

"இல்லம்மா."

"பச்சையா வந்துச்சேடா. நான் என் கண்ணால பார்த்தேனே."

"அது நான் செஞ்ச தப்பும்மா."

அவள் என் சட்டையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஏன்டா பார்த்த?" என்றாள். "வந்தது வந்துச்சு. விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா? எதுக்குடா எடுத்துப் பார்த்த?"

நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக என் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"மறுபடி கேட்போம்" என்றார் டாக்டர். "இன்னும் மயக்கம் வரல. இப்பவே கேட்கணும். இந்தப் போன்ல அவர் குரல் வருமா?"

"வரும்."

"அப்ப அவர் காதுலயும் விழும். நல்லது."

அக்காவின் போனை நான் அப்பாவின் விரலுக்கு அடியில் வைக்கப் போனேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் பிடிச்சுக்கறேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் ஏந்தினாள். போனைத் தலைகீழாகத் திருப்பிவிடுவாளோ என்று ஒரு நொடி தோன்றியது. திருப்பியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் நேராகத்தான் பிடித்தாள். நான் குனிந்து அப்பாவின் காதில் சொன்னேன்.

"அப்பா, காலையில பட்டன் மாறிப்போச்சுப்பா. என் தப்பு. இது பழைய மாதிரி இருக்கு. நீங்க எப்பவும் அழுத்தற மாதிரி அழுத்துங்க."

டாக்டர் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏங்க, குழாய் போட்டுக்கறீங்களா? எனக்காக?"

அப்படிக் கேட்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியை நான் திறந்தேன். கட்டைவிரல் நகரவே இல்லை. மாஸ்க்கின் காற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு இடது பக்கமாக விரல் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். இடது, இடது என்று மனசுக்குள் நான் கெஞ்சினேன். விரல் திரும்பி வலது பக்கம் வந்து அழுத்தியது.

"வேண்டாம்மா" என்றார் அப்பா.

நாக்கு போவதற்கு முன்பு இருந்த குரல். அவளைப் பார்த்துச் சொன்ன அதே குரல். அம்மா நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் வாய் அசையாமல் இருந்தது.

பெட்டி இரண்டாம் தடவை வந்தது. நான்தான் அப்படி எழுதி வைத்திருந்தேன். ஒரு தடவை போதாது என்று.

"இன்னொரு தடவை இருக்குங்க" என்றாள் அம்மா. "மாத்திச் சொன்னாலும் பரவாயில்ல. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"வேண்டாம்மா."

அம்மா போனை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து அவர் கண்ணில் வழிந்ததைத் துடைத்தாள். இத்தனை வருஷமாக அவர் தட்டைத் தள்ளி வைக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் போடுகிறேன் என்று சண்டை பிடிப்பவள் அவள்.

"சரிங்க" என்றாள்.

பெட்டி மூடிக்கொண்டது. தண்ணி, ஃபேன், திரும்பிப் படுக்கணும் என்று பழைய பட்டன்கள் வந்தன. அப்பாவின் கட்டைவிரல் எதையும் தேடாமல், போனை ஏந்தியிருந்த அம்மாவின் கைமேல் சாய்ந்து ஓய்ந்தது.